உங்கள் பிரவுசரை மாற்றிவிட்டு வாருங்கள்

என் தங்கையின் புருஷனுக்கு எங்கள் தெருவில் 'அப்டேட்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'அப்டேட் வீடு எது?' என்று கேட்டால் பால் போடுகிறவர் முதல் அயர்ன் வண்டிக்காரர் வரை கைநீட்டி வழி காட்டுவார்கள். இந்தப் பட்டத்தை நான் கொடுக்கவில்லை. கொடுத்த புண்ணியவானைக் கண்டால் ஒரு டீ வாங்கித் தருவேன்.

ஆள் வெப்சைட் செய்கிறவர். செய்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் எல்லாம் சௌக்கியம் விசாரிப்பார்கள். இவர் கண் நேராக அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகும். "என்ன பிரவுசர் யூஸ் பண்றீங்க?" என்பதுதான் இவருடைய வணக்கம். பதில் இவருக்குப் பிடித்த பிரவுசராக இருந்தால் சிரிப்பார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார். வேறாக இருந்தால் உதட்டைச் சுழித்துக்கொண்டு, பாத்திரம் கழுவாத அடுக்களைக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி நிற்பார். கம்ப்யூட்டரோடு கூடவே வந்த பிரவுசரை அப்படியே வைத்திருக்கிறவர்கள் இவர் கணக்கில் மனிதர்களே கிடையாது.

ஒரு தடவை பக்கத்துத் தெருவில் துக்கம் கேட்கப் போனோம். இறந்தவரின் மகன், அப்பாவின் லேப்டாப்பைத் திறந்துவைத்து உறவுக்காரர்களுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை திரையை எட்டிப் பார்த்துவிட்டார்.

"அப்பா இதையா வச்சிருந்தாரு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஆமாங்க, கடைசி வரைக்கும் இதுதான்" என்று அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"கொஞ்சம் நகருங்க" என்றார் மாப்பிள்ளை. துக்கத்தில் இருக்கிறவன் எதற்கென்று கேட்பானா? நகர்ந்து இடம் கொடுத்தான். சவம் நடு வீட்டில் இருக்க, இவர் உட்கார்ந்து தன் பிரவுசரை இறக்கி ஏற்றிவிட்டுத்தான் எழுந்தார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கத்தில் அந்தத் தெரு வழியே போவதையே விட்டுவிட்டேன்.

நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் செய்யும் தப்புக்கு பிரேக் மிதிப்பதுதான் என் பிழைப்பு. இவர் விஷயத்தில் மட்டும் என் காலுக்கு பிரேக் எட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், "மச்சான், ஒரே ஒரு நிமிஷம்" என்று என் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் பழைய பிரவுசரைத் துடைத்து எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் லைசென்ஸ் தேர்வுக்குத் தேதி எடுக்கப் போனால், தேதிக் கட்டம் திறக்கவே இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் பழைய பிரவுசரை நம்பி எழுதியிருக்கிறார்கள்.

போன் போட்டுக் கேட்டேன்.

"அது அந்த சைட்டோட தப்பு மச்சான். எழுதத் தெரியாதவங்க எழுதினது."

"தப்பு யாருதா வேணா இருக்கட்டும் மாப்பிள்ளை. எனக்குத் தேதி வேணுமே."

"அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. மாத்தட்டும்."

என்னிடம் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவரவர் வண்டியை நிறுத்திவிட்டு, உலகம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. நான் பழையதைத் தேடிப்பிடித்து மறுபடி போட்டுக்கொண்டேன். அவர் வரும்போதெல்லாம் திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன்.

இத்தனைக்கும் இவர் பிறவியிலேயே இந்தப் பிரவுசர் பக்தர் இல்லை. கல்யாணமான புதிதில் வேறொன்றைத் தலையில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார். அதன் படம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டுதான் மறுவீட்டுக்கே வந்தார். பிறகு அதைச் செய்கிறவர்கள் ஏதோ ஒரு பட்டனை மேலே இருந்து கீழே மாற்றினார்களாம். ஒரே ராத்திரியில் மனம் வெறுத்துவிட்டது. பனியன் வண்டி துடைக்கப் போயிற்று. கட்சி மாறுகிறவன்கூட ஊருக்குப் பயந்து ஒரு அறிக்கை விடுவான். இவர் அதுவும் இல்லாமல், மறுநாளே புதியதை ஆதியிலிருந்து தான்தான் ஆதரித்து வந்ததுபோல் பேசினார்.

அலுவலகத்திலும் இதே கதை என்று தங்கை சொல்வாள். அங்கே ஒரு பெண்ணுக்கு வேலையே, இவர்கள் செய்கிற வெப்சைட்டை எல்லாப் பிரவுசரிலும், எல்லாப் பழைய போன்களிலும் திறந்து பார்ப்பதுதான். 'இந்தப் பிரவுசரில் படம் எழுத்துமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது', 'அந்தப் போனில் பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது' என்று அவள் எழுதி அனுப்புவாள். இவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருப்பார்: 'என் மெஷினில் நன்றாகத்தான் இருக்கிறது.' இவர் மெஷினை நாலு பேர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டவா முடியும்?

இப்படிப்பட்டவர் எங்கள் குடும்பத்துக்குள் எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். தங்கையின் கடை வழியாக வந்தார்.

அவள் ஷூ செய்கிறவள். கடையில் வாங்கிப் போட முடியாத கால்களுக்கு மட்டும் செய்கிறாள். ஒரு பாதம் வளைந்தவர்கள், சர்க்கரைப் புண்ணில் விரல் எடுத்தவர்கள், ஒரு கால் கட்டையானவர்கள். ஒவ்வொருவர் காலுக்கும் ஒரு மர அச்சு. கடையின் பின்சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க அந்த அச்சுகள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் கொஞ்சம் பயப்படுவார்கள். அவளுக்கு ஒவ்வொன்றும் யாருடையது என்று இருட்டில் தடவியே தெரியும். படிப்பு முடித்து மூன்று வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, பிறகு தனியாக வந்தாள். நான்தான் இடம் பார்த்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளைக்கு இடது கால் வலது காலைவிட ஒரு விரற்கடை கட்டை. சின்ன வயதில் எங்கிருந்தோ விழுந்து, எலும்பு சரியாகக் கூடாமல் போனதாம். ஷூ செய்துகொள்ள வந்தார், அளவு கொடுத்தார், அப்புறம் அளவு சரிபார்க்க வந்தார், பிறகு சும்மாவே வந்தார். ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. எனக்கே கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் தெரியும். அதற்குள் தங்கை முடிவெடுத்துவிட்டாள். நல்ல பையன் என்றாள். பிரவுசரைப் பற்றி அப்போது யாருக்குக் கேட்கத் தோன்றும்?

தங்கையின் கடைக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தது. யாரோ தெரிந்தவர் செய்து கொடுத்தது. வெள்ளைப் பக்கம், மேலே கடையின் போன் நம்பர், கீழே நாலு கட்டம். காலைப் பேப்பரில் வைத்துச் சுற்றி வரைந்து, அதைப் படம் பிடித்து அனுப்புவதற்கு ஒரு பட்டன். அவ்வளவுதான். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வீட்டிலிருந்தபடியே அளவு அனுப்புவார்கள், இவள் செய்து அனுப்புவாள். பாதிக்கு மேல் வேலை அதில்தான் வந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் உடம்பு கூசுமாம். "என் பொண்டாட்டி கடைக்கு இப்படி ஒரு சைட் இருந்தா ஆபீஸ்ல என்னை மதிப்பாங்களா?" என்று புலம்பிப் புலம்பி, கடைசியில் தானே புதிதாகச் செய்தார். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். திறந்தால் ஒரு ஷூ காற்றில் மிதந்து தன்னைத் தானே சுற்றியது. எழுத்துகள் மேலிருந்து மழை மாதிரி இறங்கி நின்றன. விரலால் தள்ளினால் ஷூ கழன்று அடிப்பாகம் தனி, தோல் தனி என்று பிரிந்து, மறுபடி சேர்ந்தது. எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"பழைய பிரவுசர்ல வந்தா?" என்று கேட்டேன். என் கம்ப்யூட்டர் பட்ட பாடு எனக்கு மறக்குமா?

"அதுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்" என்று பெருமையாகத் தட்டினார். ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. 'உங்கள் பிரவுசர் காலாவதியாகிவிட்டது. நல்ல பிரவுசருக்கு மாற்றிவிட்டு மீண்டும் வாருங்கள்.' கீழே ஒரு ஆமை, அரைக் கண் மூடி நின்றது. ஆமையை அவரே வரைந்தாராம். அதற்கு மேல் உள்ளே போக வழி கிடையாது. கடையின் போன் நம்பரும் உள்ளேதான்.

"இப்படி நாலு பேர் கண்டிப்பா சொன்னாத்தான் ஜனங்க மாறுவாங்க மச்சான்" என்றார். ஊரைத் திருத்தக் கிளம்பினவர் பெண்டாட்டியின் கடை வாசலையா தேர்ந்தெடுக்க வேண்டும்?

அந்த மாதத்திலிருந்தே வேலை குறைந்தது. முதலில் தங்கை பொருட்படுத்தவில்லை. அப்புறம் தோல் வெட்டும் மேஜை நாள் முழுக்க வெறுமையாகக் கிடக்க ஆரம்பித்தது. வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தவர்கள்கூட வரவில்லை. கடைக்கு இடம் கொடுத்தவர், ஒப்பந்தம் முடியப்போகிறது, தொடர்கிறீர்களா விடுகிறீர்களா என்று கேட்டு அனுப்பினார். ஊரின் பெரிய செருப்பு ஷோரூமில் விற்பனைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே போய்விடலாமா என்று தங்கை யோசிக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் நான் கடைக்குப் போனபோது, பழைய ஷூ ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, தையலை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, என் கை கெட்டுப்போச்சோ?" என்று கேட்டாள். "யாருக்காவது காலைக் கடிச்சிருக்குமோ? சொல்ல மனசில்லாம வராம இருக்காங்களோ?"

குழந்தையிலிருந்து அவளைப் பார்க்கிறேன். எந்த வேலையிலும் தன் கையை அவள் சந்தேகப்பட்டதில்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளையைப் பிடித்து, வெப்சைட்டில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து, தங்கைக்கு ஏற்கெனவே காட்டியிருந்த ஒரு வரைபடத்தை எனக்கும் காட்டினார்.

"பாருங்க. வர்றவங்க அத்தனை பேரும் புது பிரவுசர்லதான் வர்றாங்க. பழைய பிரவுசர்ல ஒருத்தர்கூட இல்ல. சைட்ல ஒரு குறையும் கிடையாது. வந்து பாக்குறாங்க, ஷூவைச் சுத்தி விடுறாங்க, ஆர்டர் குடுக்காம போறாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

கூடவே, "அவ வேலைக்கு இப்ப டிமாண்ட் இல்ல போல" என்று அனுதாபமாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அந்த அனுதாபத்துக்காக அவரை நாலு அறை விட்டிருக்கலாம். வரைபடம் கையில் இருக்கிறவரிடம் என்ன பேச? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, அலமாரியை ஒழிக்கலாம் என்று தங்கை எங்களைக் கூப்பிட்டிருந்தாள். அச்சுகளைப் பெட்டியில் அடுக்குவதற்கு நான். மாப்பிள்ளை உதவி என்ற பெயரில் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஒரு தபால்காரர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வலது பாதம் உள்பக்கமாக வளைந்திருக்கும். கடை திறந்த நாளிலிருந்து தங்கையிடம் ஷூ வாங்குகிறவர். சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். காலில் இருந்த ஷூவின் ஓரம் தேய்ந்து, பாதம் தரையில் பட்டுக்கொண்டிருந்தது.

"கடை இருக்காம்மா? மூடிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

"ஏன் சார் அப்படி நெனச்சீங்க? ஒரு தகவல் அனுப்பியிருந்தா செஞ்சு அனுப்பியிருப்பேனே. இப்படித் தேய விடலாமா?"

"அனுப்பத்தானே பாத்தேன்" என்று போனை எடுத்து நீட்டினார். ஓரம் உடைந்த பழைய போன். திரையில் மாப்பிள்ளையின் ஆமை நின்றது. "எதையோ மாத்திட்டு வான்னு சொல்லுது. எதை மாத்தணும்னு எனக்குப் புரியல. போன் கடையில கேட்டேன், இதுல புதுசு எதுவும் ஏறாதுன்னுட்டான். இந்த ஆமையப் பாத்து, மெதுவா நடக்கிறவங்க கடைன்னு காட்டப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்கல."

தங்கை அந்த ஆமையை ரொம்ப நேரம் பார்த்தாள். இப்படி ஒரு அறிவிப்பு இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் கம்ப்யூட்டர், அவள் போன், எல்லாவற்றையும் மாப்பிள்ளைதான் மாற்றி வைத்திருந்தாரே. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தரையில் பேப்பரை விரித்து, தபால்காரரின் காலை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையிடம் போனேன். "ஒருத்தர்கூட இல்லன்னீங்களே. இதோ ஒருத்தர் வந்திருக்கார்."

"ஒருத்தர் எங்கயாவது இருக்கத்தான் செய்வார்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் கணக்கைத்தான் சொல்றேன். வாங்க, எப்படி எண்ணுதுன்னு நான் எழுதின வரிகளையே காட்டுறேன். பக்கத்தைத் திறந்ததும் முதல்ல என்ன பிரவுசர்னு பாக்கும். பழசா இருந்தா அறிவிப்பைக் காட்டிட்டு அதோட நின்னுடும். புதுசா இருந்தா கீழ போகும். போயி, இதோ இந்த இடத்துலதான் வந்தவங்களை எண்ண..."

விரல் திரையில் நின்றுவிட்டது.

"எண்ண?" என்றேன்.

அவர் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்.

"அப்ப ஆமையைப் பாத்துட்டுத் திரும்பிப் போனவங்களை எங்க எண்ணும் மாப்பிள்ளை?"

"எண்ணாது" என்றார்.

ஆட்களை வாசலிலேயே துரத்திவிட்டு, உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணி, வெளியே யாருமே இல்லை என்று வரைபடம் போட்டிருக்கிறார் மனிதர். அந்த வரைபடத்தை நம்பித்தான் என் தங்கை தன் கையைச் சந்தேகப்பட்டாள், தூக்கமில்லாமல் கிடந்தாள், கடையைக் காலி செய்யக் கிளம்பினாள். வாய்வரை வந்த வார்த்தைகளை, தபால்காரர் இருக்கிறாரே என்று விழுங்கினேன்.

அப்போதாவது அந்த மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம். தோற்றுப்போனவருக்கு எங்கே வாய் சும்மா இருக்கும்? "இருந்தாலும் அவங்களும் கொஞ்சம் மாறணும்ல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "ஒவ்வொருத்தர் வச்சிருக்கிறதுக்கும் தகுந்த மாதிரி செஞ்சுக்கிட்டே இருந்தா வேலைக்கு முடிவே கிடையாது."

தங்கை பென்சிலால் தபால்காரரின் பாதத்தைச் சுற்றி வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்னங்க, நீங்க முதல் தடவை இந்தக் கடைக்கு வந்தீங்களே. அதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போயிட்டு வந்தீங்க?"

அவர் லேப்டாப்பின் ஓரத்தைத் தடவினார்.

"கேக்கிறேன்ல. சொல்லுங்க."

"எல்லா ஷோரூமுக்கும்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிறவங்களுக்குத்தான் எங்ககிட்ட இருக்குன்னாங்க."

"நான் என்ன சொன்னேன்?"

மாப்பிள்ளை தன் இடது காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"காலை மாத்திட்டு வாங்கன்னு சொன்னேனா?" என்றாள் தங்கை. வரைந்து முடித்து, பேப்பரை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டாள். குரல் ஏறவே இல்லை. ஆனால் தபால்காரர்கூடத் தன் போனை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் இவ்வளவு வருஷம் இவரைப் பற்றிப் பின்னால் பேசியது, முன்னால் குத்தியது, துண்டு போட்டு மூடியது எல்லாம் சேர்ந்தும் இவர்மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்று அந்த முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சும்மா இருந்த ஷூ லேஸைக் குனிந்து அவிழ்த்து, மறுபடி கட்டினார். லேப்டாப்பை மடியில் வைத்து அந்த அறிவிப்பை எடுத்தார். ஆமையும் போயிற்று. பிறகு எழுந்து வந்து தபால்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க சார்" என்றார். வழக்கப்படி எதையாவது மாற்றப்போகிறாரோ என்று நான் கிட்டப் போய் நின்றேன். இல்லை, அவர் வேலை செய்தது தன் லேப்டாப்பில். ஒன்றை மாற்றுவதும், தபால்காரர் போனில் திறந்து பார்ப்பதும், பல்லைக் கடிப்பதும், மறுபடி மாற்றுவதுமாக இருந்தார். நான் அச்சுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். யாரும் என்னை வைக்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கடைசியில் அந்த உடைந்த திரையில் பக்கம் திறந்தது. ஷூ சுற்றவில்லை, மிதக்கவில்லை. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எழுத்து ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டது. போன் நம்பர் மட்டும் பெரிதாகத் தெரிந்தது, பட்டன் கோணலாக இருந்தாலும் அமுங்கியது. மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவமானம் தாங்காதவராகத் தங்கையிடம் காட்டினார்.

"இதுல இவ்வளவுதான் வரும் போல. ரொம்ப அசிங்கமா இருக்கு."

அவள் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் தபால்காரரிடம் கொடுத்தாள்.

"உங்களுக்கு நான் செஞ்ச முதல் ஷூவும் அசிங்கமாத்தான் இருந்துச்சு" என்றாள் மாப்பிள்ளையிடம். "அன்னிக்கு நீங்க அதை மாட்டிக்கிட்டு நொண்டாம வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து அழுதீங்க."